'டென்ஷன்' - ஒரு சொல்லும் ஒரு பாடமும்

ஒரு பொருளைக் குறிக்கப் பல சொற்கள் வழங்குவது வளமுடைய மொழிகளின் இயல்பு. அச்சம் என்னும் ஒரு பொருளுக்கே பே, நாம், உரும் என மூன்று உரிச்சொற்களைத் தொல்காப்பியர் காட்டுவார். பின்வந்த நிகண்டு நூலோர் இத்தகு சொற்களைத் தொகுத்து வைத்தனர். இவற்றை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்திவரும் யாம், ஒரு சொல்லின் பொருளை ஒரு மாணவரிடமிருந்து கற்க நேர்ந்தது. அது தமிழ்ச் சொல்லன்று. 'டென்ஷன்' என்னும் ஆங்கிலச் சொல்.

2016ஆம் ஆண்டு, அகமதிப்பீட்டுத் தேர்வுக்கு முந்தைய நாள். முதலாமாண்டு மாணவர் ஒருவர் ஆசிரியர் அறைக்கு வந்து, "ஐயா, ரொம்ப டென்ஷனா இருக்கு" என்றார். விடைத்தாள்களில் ஆழ்ந்திருந்த யாம் நிமிர்ந்து, "தமிழ்த்துறையில் நின்றுகொண்டு டென்ஷனா? தமிழில் சொல்லப்பா" என்றோம். உடனிருந்த ஆசிரியர்கள் நகைத்தனர். மாணவர் சொல்லைத் தேடினார், உதடுகள் அசைந்தன, சொல் வரவில்லை. "ஒண்ணுமில்லைங்க ஐயா" என்று சொல்லிச் சென்றுவிட்டார். நல்லதொரு மொழிப்பாடம் புகட்டிய மனநிறைவு எமக்கு.

அன்றிரவு அச்சொல்லை ஆராயத் தொடங்கினோம். 'டென்ஸ்' என்றதும் நம் மாணவர்க்கு நினைவில் எழுவது இலக்கணக் காலமே. ஆனால் அது வேறு சொல். காலத்தைக் குறிக்கும் 'டெம்புஸ்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. மன இறுக்கத்தைக் குறிக்கும் 'டென்ஸ்' என்னும் பெயரடையோ 'இழுத்து நீட்டுதல்' என்னும் பொருளுடைய 'டெண்டெரெ' என்னும் இலத்தீன் வினையின் வழி வந்தது. இழுத்துக் கட்டப்படும் 'டென்ட்' என்ற கூடாரமும் இவ்வேரினதே. நம் ஊர் டென்ட் கொட்டகையும் மனத்தின் டென்ஷனும் ஒரு குடிப்பிறப்பு என்பது வியப்பன்றோ! இயற்பியலார் இதனையே இழுவிசை என்பர்.

இதன் ஒருபொருட் சொற்கள் என ஆங்கில அகராதிகள் தருவன பல. எனினும் அவை தம்முள் நுண்ணிய வேறுபாடு உடையன. 'டாட்' என்பது பெரும்பாலும் விறைப்பாக இழுக்கப்பட்ட கயிற்றுக்கும் பாய்க்கும் உரியது. 'ஸ்ட்ரெயின்ட்' என்பது முறியும் அளவிற்கு இழுபட்ட உறவைச் சுட்டும். 'நெர்வஸ்' என்பது நரம்போடு தொடர்புடையது. மேடையேறுமுன் தோன்றும் படபடப்புக்கு அதனை ஆள்வர். 'ஆங்ஷஸ்' என்பதன் இலத்தீன் மூலம் குரல்வளையை நெரித்தலைக் குறிக்கும். வரப்போவதை எண்ணிக் கலங்குவோர்க்கு அது பொருந்தும். 'டென்ஸ்' என்பதோ ஆளுக்கும் வரும், தசைக்கும் வரும், சூழலுக்கும் வரும். நம் நாளிதழ்கள் 'பதற்றம் நிலவுகிறது' என்று எழுதுமிடத்து ஆங்கில இதழ்கள் ஆள்வது இச்சொல்லையே.

தமிழர் வாயில் இச்சொல் வேறொரு வாழ்வு பெற்றுள்ளது. பெயரடையை விடுத்துப் பெயரை மட்டும் கடன்கொண்ட நாம் அதனோடு 'ஆக' சேர்த்துக்கொண்டோம். மேலாளர் சினந்தாலும் டென்ஷன் ஆனார் என்கிறோம்; பேருந்து தாமதமானாலும், மகள் வீடு திரும்பாவிட்டாலும், தேர்வு முடிவு வெளிவரும் நாளிலும் டென்ஷன் என்றே சொல்கிறோம். சினம், பரபரப்பு, தவிப்பு, அச்சம் ஆகிய நான்கும் ஒரு சொல்லுள் அடங்கிவிடுகின்றன. குருதி அழுத்த மிகுதியைக் குறிக்கும் 'ஹைப்பர்டென்ஷன்' என்னும் மருத்துவச் சொல்லையும் மனக்கவலை என்றே கொள்வாருளர்.

இச்செய்திகளையெல்லாம் தொகுத்து மறுவாரம் முதலாமாண்டு வகுப்பில் ஒரு மணிநேரம் உரையாற்றினோம். பதற்றம், இறுக்கம், தவிப்பு, கலக்கம், படபடப்பு எனக் கரும்பலகை நிறைந்தது. மாணவர்கள் கைதட்டினர். முடிவில்தான், சொல்லைக் கேட்டு வந்த அம்மாணவரின் இருக்கை வெறுமையாக இருப்பதைக் கண்டோம். தேர்வெழுதவும் அவர் வரவில்லை என்றனர்.

மூன்று வாரங்கள் கழித்து, முகவரி விசாரித்து அவர் இல்லம் சென்றோம். அவ்வாண்டு சவூதி அரேபியாவில் கட்டுமானத் தொழில் நலிந்து, ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் ஊதியமின்றித் தவித்ததை வாசகர் அறிவர். அம்மாணவரின் தந்தை அவருள் ஒருவர். பல மாதங்களாகப் பணம் வரவில்லை. தங்கையின் திருமணத்திற்கு வாங்கிய கடனுக்கோ வட்டி ஏறிக்கொண்டிருந்தது. மாணவர் துணிக்கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கதவோரம் நின்ற தாயார் சொன்னார்: "நெஞ்சு இறுகிக் கெடக்குதும்மான்னு சொல்லிக்கிட்டே இருந்தான் சார். காலேஜுல சார்கிட்ட சொல்லிட்டு வர்றேன்னு போனான். வந்து ஒண்ணும் பேசலை."

யாம் கேட்ட தமிழ்ச் சொல் அவர் வீட்டில் இருந்தது. தம் அன்னையிடம் தடையின்றிச் சொன்ன அச்சொல்லை எம் முன் நின்று அவரால் சொல்ல இயலவில்லை. காரணம் மொழியறிவின் குறை அன்று; எம் வினாவே அவர் நெஞ்சை மேலும் ஒரு சுற்று இறுக்கிவிட்டது.

ஃபிர்அவ்னிடம் செல்லுமுன் மூஸா நபி (அலை) அவர்கள் இறைவனிடம் வேண்டியவற்றுள் இரண்டு ஈண்டு நினைக்கத்தக்கன. தம் நெஞ்சம் விரிவடைய வேண்டும் என்பது ஒன்று. நாவின் முடிச்சு அவிழ வேண்டும் என்பது மற்றொன்று. திருக்குர்ஆனின் 20ஆம் அத்தியாயமான தாஹாவில் இது காணப்படுகிறது. நெஞ்சின் விரிவை 'இன்ஷிராஹ்' என்று அரபு மொழி வழங்கும். 94ஆம் அத்தியாயத்தின் பெயரும் அதுவே. நெஞ்சு விரிந்தால்தான் நாவின் முடிச்சு அவிழும் என்பது சிறுவயதில் மதரஸாவில் ஓதியபோது எமக்கு விளங்கவில்லை. அவ்வீட்டு வாசலில் விளங்கியது.

வருகைக் குறைவால் அப்பருவத் தேர்வை அம்மாணவர் எழுத இயலவில்லை. ஊர்ப் பெரியவர்கள் சிலர் கட்டணப் பொறுப்பை ஏற்றதால் மறு ஆண்டு மீண்டும் முதலாமாண்டில் சேர்ந்து பட்டம் பெற்றார். அவர் இழந்த ஓராண்டில் எமக்கும் பங்குண்டு.

பிறமொழிச் சொல் கலவாத தமிழை இன்றும் வகுப்பில் வலியுறுத்துகிறோம்; அதில் மாற்றமில்லை. ஆயின் ஒரு மாணவர் வாசலில் நின்று, "டென்ஷனா இருக்குங்க ஐயா" என்றால், முதலில் நாற்காலியை இழுத்துப் போடுகிறோம். அவர் பேசி முடித்த பின்னரே சொல்லைத் திருத்துகிறோம். பல வேளைகளில் திருத்துவதற்கு நினைவு வருவதில்லை. அதனால் தமிழுக்குக் குறையொன்றும் நேர்ந்துவிடவில்லை.