மகளுக்குப் பதிலாக மருமகன்

போடிநாயக்கனூர்,
ஐப்பசி மாதம்

அன்புள்ள நண்பருக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். அகலப் பாதை வேலைக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியோடு நின்றுபோன ரயில், 2023 ஜூன் மாதத்திலிருந்து மீண்டும் இவ்வூர்வரை வருவதால், சென்னையில் இரவு ஏறியவன் காலையில் போடியிலேயே இறங்கினேன்.

பக்கவாதத்தில் படுத்திருக்கும் தகப்பனாரைப் பார்க்க மகள் வராமல் மருமகன் மாத்திரம் வந்து நிற்பது இங்கே எவருக்கும் விளங்காத காரியமாக இருக்கிறது. கனடாவுக்குள் கணவனோடு வசித்துக்கொண்டே நிரந்தரவாசம் கோரும் பிரிவில் அவள் மனு நிலுவையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். புறப்படக்கூடாதென்று சட்டம் அவளைத் தடுக்கவில்லை. ஆனால் அவளுடைய விசா காலாவதியாகிவிட்டபடியால், திரும்பிவர வேறொன்று பெற வேண்டும். அது மறுக்கப்பட்டால், கணவனோடு அந்நாட்டில் வாழ வேண்டுமென்ற நிபந்தனை முறிந்து மனுவே தள்ளுபடியாகக்கூடும். அந்தப் பிரிவினருக்குக் குடிவரவு மேல்முறையீட்டு மன்றத்தை அணுகும் பாத்தியதையும் கிடையாது. பிரிட்டனிலோ, உள்ளிருந்து மனுச் செய்தவர் முடிவுக்கு முன் வெளியேறினால், மனுவை அவரே வாபஸ் பெற்றதாகக் கொள்கிறார்கள். இவற்றையெல்லாம் மாமியாருக்கு எப்படி எடுத்துரைப்பது? "அப்பாவைப் பார்த்துட்டுப் போறதுக்குக்கூடவா மாப்பிள்ளை விட மாட்டாங்க?" என்ற அவர் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

நேற்று மைத்துனனோடு மலைக்குச் சென்றேன். அடிவாரத்து முந்தலைத் தாண்டி, 17 கொண்டையூசி வளைவுகளையும் ஏறிப் போடிமெட்டை அடைவதற்குள், ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களை நெருக்கி ஏற்றிய ஜீப்புகள் எத்தனையோ எங்களைக் கடந்து சென்றன. விடியுமுன் தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்டு, கேரளத்து மலையில் மர நிழலில் குனிந்தபடி, செடியின் அடியில் தரையோடு படர்ந்த சரங்களில் முற்றிய காய்களை மட்டும் தேர்ந்து பறித்து, பொழுது சாயும் நேரத்தில் வீடு திரும்புகிறார்கள். அவர்கள் எல்லை கடப்பதற்கு எந்த மனுவும் வேண்டியதில்லை. அந்தச் சுதந்திரம் எவ்வளவு பெரிய செல்வம் என்று எண்ணி என் மனம் கனத்தது.

ஊருக்குத் திரும்பியபின் ஏலக்காய் பொறுக்கும் ஸ்டோர் ஒன்றில் ஓர் அம்மாளைச் சந்தித்தேன். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, 1964 அக்டோபரில் ஏற்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்பேரில் பெற்றோருடன் இந்தியா வந்தவர். என் மனைவியின் நிலையைக் கேட்டதும், "எங்க அம்மாவுக்கும் இதேதான்" என்றார். பிரசவத்திற்குத் தாய்வீடு வந்த அவருடைய தாய், நோயால் ஓராண்டுக்கு மேல் தங்க நேர்ந்ததாம். அதைக் காரணமாகக் காட்டித் தகப்பனாரின் பிரஜாவுரிமை மனுவை மறுத்துவிட்டார்களாம். 1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழர்களுக்கென்று 1949இல் இயற்றப்பட்ட சட்டம், 1946 ஜனவரி 1ஆம் தேதிக்கு முந்தைய காலத்தில், மணமானவர்க்கு 7 ஆண்டுகளும் மற்றவர்க்கு 10 ஆண்டுகளும் இடைவிடாத வாசம் கேட்டது. மனைவியின் வாசத்தையும் தனியே விசாரித்தது. ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்ததென்று கணக்கிட்டது. 1951 ஆகஸ்ட் 5 என்ற கெடுவுக்குள் 8 லட்சத்துக்கு மேற்பட்டோருக்காகச் சுமார் 2,37,000 மனுக்கள் சேர்ந்தன. அவர்களில் பிரஜைகளாகப் பதிவானவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர்தாம். கண்டிச் சீமைக்கும் சொந்த ஊருக்கும் கப்பலிலும் ரயிலிலுமாகப் போய்வந்து, பிள்ளைப்பேற்றையும் பெற்றோரின் கருமத்தையும் இரண்டு கரைகளிலும் நடத்திவந்த ஒரு ஜனசமூகத்தை நோக்கி, நீ அசையாமல் இருந்தாயா என்று கேட்பது நியாயமாகுமா? தாயையோ தகப்பனையோ பார்த்துத் திரும்புகிறவளை நாட்டைத் துறந்தவளாகக் கருதும் சட்டம் எந்த நாட்டில் இருந்தாலும் அதை நான் அநீதி என்றே சொல்வேன்.

உங்கள் மனைவிக்காக அடுத்த மாதம் மனுச் செய்யப்போவதாக எழுதியிருந்தீர்கள். வெளியிலிருந்து விண்ணப்பிக்கும் குடும்பப் பிரிவு என்று ஒன்றுண்டு. அதில் அவர் டொரன்டோவில் இருந்தபடியும் சேரலாம். இடையில் ஊருக்குச் சென்றாலும் அந்தக் காரணத்தால் மனு விழாது. மறுத்தால் மேல்முறையீடும் உண்டு. திரும்பிவர விசா வேண்டும் என்பது மட்டும் அதிலும் மாறாது. ஆகையால் அவருடைய விசா எந்தத் தேதிவரை செல்லும் என்று இப்போதே பார்த்துவிடுங்கள். உங்கள் மாமியாருக்கு உடல்நிலை சரியில்லை என்றும் எழுதியிருந்தீர்களே. தாளில் கையெழுத்திடுமுன் வழக்கறிஞர் ஒருவரை இருவரும் சேர்ந்தே போய்ப் பாருங்கள்.

தங்கள் அன்புள்ள நண்பன்