கண்ணுக்கு ஒரு காசு, விரலுக்கு ஒரு காசு

சைஃபாபாத் நாணயச்சாலையில் இப்போது காசு அடிப்பதில்லை. ஹைதராபாத் நிஜாம் அரசின் நாணய வேலை 1903இல் இந்த வளாகத்துக்கு வந்தது. 1997இல் ஊருக்கு வெளியே சர்லபள்ளிக்குப் போய்விட்டது. 2022இல் பழைய இடத்தை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். என்னோடு வந்தவர் அச்சுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். காட்சிக்கு வைத்திருந்த பழங்காசுகள் பக்கம் அவர் திரும்பவே இல்லை; நேராக இயந்திரங்களிடம் போய் நின்றுவிட்டார். நான் பார்க்க வந்ததும் பழங்காசு அல்ல. தேநீர்க் கடையில் மிச்சமாக வாங்கிச் சட்டைப்பையில் போடுகிறோமே, அந்த இரண்டு ரூபாய்.

ஒரு காசு பிறக்கும் வழியை அவர் கைகளாலேயே காட்டினார். முதலில் காசைவிடப் பல மடங்கு பெரிதாக ஓர் உருவம் செய்துகொள்கிறார்கள். சுருக்கும் இயந்திரத்தில் ஒரு முனை அந்த உருவத்தைத் தடவிக்கொண்டே போக, மறுமுனை எஃகில் அதையே சிறிதாகச் செதுக்கும். அதிலிருந்து தாய் அச்சு, தாய் அச்சிலிருந்து மறு அச்சு, கடைசியில் இயந்திரத்தில் மாட்டுகிற வேலை அச்சு. மேடு பள்ளமாகும், பள்ளம் மறுபடி மேடாகும். “எல்லாத்தையும் தலைகீழாவே பார்த்துப் பழகின கண்ணு சார் இது” என்றார்.

அச்சு மட்டும் போதாது, அடிக்க வில்லை வேண்டும். துருப்பிடிக்காத எஃகுத் தகட்டிலிருந்து வெட்டிய வில்லைகள் வெளியிலிருந்து வரும். நம் சேலம் உருக்காலையிலும் அவற்றுக்கென்றே தனி வெட்டுப் பிரிவு உண்டு. வில்லையின் ஓரத்தை முதலில் உருட்டி உயர்த்துவார்கள். பிறகு மேலச்சுக்கும் கீழச்சுக்கும் நடுவே, ஒரு வளையத்துக்குள் வைத்து ஒரே அழுத்து. அந்த வளையத்துக்குத் தொழிலாளர்கள் சொல்லும் பெயர் காலர். காசின் விளிம்பு வழவழப்பா, பல் வைத்ததா, பட்டையா என்பதையெல்லாம் தீர்மானிப்பது காலர்தான். வில்லை காலருக்குள் சரியாக உட்காராவிட்டால் காசு ஓரம் பரந்து பிதுங்கும். ஆலையில் அது கழிவு. சேகரிப்பவர்களிடம் அதற்குத்தான் கூடுதல் விலை.

அவருக்குப் பிடித்த இரண்டு ரூபாய் எது என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. 1990களில் வந்த பதினோரு பட்டைக் காசு. செம்பு-நிக்கல் கலவை, 26 மில்லிமீட்டர், 6 கிராம். ஒரு பக்கம் சிங்கமுகத் தூண், மறுபக்கம் இந்திய வரைபடத்துக்குள் கொடி. அந்த உலோகம் இளக்கமானது. அச்சின் கோடுகளை ஆழமாக வாங்கிக்கொள்ளும். 2005இல் இரண்டு ரூபாயை எஃகுக்கு மாற்றினார்கள். விலை மலிவுதான், ஆனால் எஃகு முரண்டு பிடிக்கும். சித்திரத்தை ஆழமாக வைத்தால் அச்சு சீக்கிரம் விரிசல் விடும் என்பதால் மேட்டைத் தாழ்த்த வேண்டியதாயிற்று. இன்றைய காசுகள் தட்டையாகத் தெரிவதற்கு ரசனைக் குறைவு மட்டும் காரணமல்ல.

எஃகு இரண்டு ரூபாயின் முதல் சித்திரம், ஒரே உடலைப் பகிரும் நான்கு தலைகளைக் கோடுகளாக்கிய வடிவம். வேற்றுமையில் ஒற்றுமை என்பது அதன் கருத்து. பார்த்தவர்களுக்குச் சிலுவையாகத் தெரிந்தது, சர்ச்சை கிளம்பியது. 2007இல் பரதநாட்டிய முத்திரைகள் வந்தன. ஒரு ரூபாய்க்குக் கட்டைவிரல், இரண்டுக்கு இரு விரல்கள். என் கண்ணில் அதுதான் நல்ல யோசனை: எண் தெரியாதவருக்கும் கை புரியும். 2011இல் அதையும் மாற்றி, நம்மூர் உதயகுமார் வடிவமைத்த ₹ குறியோடு புது வரிசை கொண்டுவந்தார்கள்.

குளறுபடி அங்கேதான். 2011இன் இரண்டு ரூபாய்க்கு 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். 1992 முதல் புழங்கிய எஃகு ஒரு ரூபாய்க்கும் அதே 25, அதே 4.85. உலோகமும் ஒன்றுதான். பழையதைத் திரும்பப் பெறாமலே புதியதை விட்டார்கள். கண் தெரியாத ஒருவர் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவார் என்று எந்த மேசையிலாவது யாராவது கேட்டிருப்பார்களா?

சார்மினார் பக்கம் துணி விரித்துப் பழைய காசு விற்கும் பெரியவருக்கு இந்தக் கவலை கிடையாது. அவர் ஆண்டுக்கு அடியில் இருக்கும் ஆலைக் குறியைத்தான் பார்ப்பார். நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வைரம் என்றால் மும்பை, புள்ளி நொய்டா, எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா. ஹைதராபாத்திலேயே முன்பு பிளந்த வைரம், நடுவில் புள்ளி வைத்த வைரம் எல்லாம் உண்டு. 1990களில் ஸ்லோவாக்கியாவிலும் மெக்சிகோவிலும் அடித்து இறக்கிய ஒரு ரூபாய்களைத் தனி டப்பாவில் வைத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு காந்தத் துண்டு: எஃகு ஒட்டும், செம்பு-நிக்கல் ஒட்டாது. குவியலைப் பிரிக்க அவருக்கு அது போதும்.

2019 மார்ச்சில் அறிவித்த வரிசை, பார்வையற்றோரை மனத்தில் வைத்துச் செய்தது. மதிப்பு கூடக் கூட அளவும் எடையும் கூடும்: ஒரு ரூபாய் 20 மில்லிமீட்டர், இரண்டு 23, ஐந்து 25, பத்து 27. இருபதுக்கு அளவு பத்தினுடையதே, ஆனால் எடை கூடுதல்; பன்னிரண்டு பட்டைகளும் கொடுத்துப் பிரித்துவிட்டார்கள். புது வரிசை மட்டும் கையில் இருந்தால் குறையே சொல்ல முடியாது. ஆனால் 2011இன் ஒரு ரூபாய் 22 மில்லிமீட்டர். புது இரண்டுக்கும் அதற்கும் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

திரும்பும்போது நகரப் பேருந்தில் நடத்துநரிடம் கேட்டேன். பையைத் திறந்து காட்டினார். முத்திரை, ₹ குறி, தானியக் கதிர் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. “பத்து ரூபாயை மட்டும் கை கண்டுபிடிச்சிடும். ஒண்ணையும் ரெண்டையும் பார்த்துத்தான் எடுப்பேன்” என்றார். ராத்திரி வண்டியில்? சீட்டு இயந்திரத்தின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாராம்.