காசநோய்க் கிருமியின் சொந்தக்காரர் செய்யும் நல்ல காரியம்!

1948 செப்டம்பர். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 29 வயதுப் பெண் ஒருவர் படுத்திருந்தார். முடக்குவாதம். புரண்டு படுக்கக்கூட முடியாத வலி. டாக்டர் பிலிப் ஹென்ச் குழுவினர் அவருக்குப் புது மருந்து ஒன்றை ஊசி வழியாகச் செலுத்தினார்கள். சில நாள்களிலேயே எழுந்து நடந்தவர், கடைத்தெருவுக்கும் போய்வந்துவிட்டார்!

அந்த மருந்துதான் கார்ட்டிசோன். 1950-ல் ஹென்ச் உள்ளிட்ட மூவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால், வலியில் துடித்த மற்றவர்களுக்கு மருந்துதான் கிடைக்கவில்லை. மாட்டின் பித்தநீரை எடுத்து, முப்பதுக்கும் மேற்பட்ட படிகளைக் கடந்து அதைத் தயாரிக்க வேண்டும். ஒரு கிராம் 200 டாலர்! சாமானியர்கள் எங்கே போவார்கள்?

1952-ல் ஒரு வழி பிறந்தது. ரொட்டியில் பூக்கும் கறுப்புப் பூஞ்சைக்குச் சொந்தமான ஒரு பூஞ்சை, கஷ்டமான படி ஒன்றை ஒரே மூச்சில் செய்து முடிப்பதை அப்ஜான் நிறுவன விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். மூலப்பொருள், மெக்சிகோ காடுகளில் விளையும் ஒருவகைக் காட்டு வள்ளிக்கிழங்கு. விலை மளமளவெனச் சரிந்தது.

1975-ல் மெக்சிகோ அரசு அந்தக் கிழங்கு வியாபாரத்தைத் தன் கையில் எடுத்தது. விலை ஏறியதும், மருந்து நிறுவனங்கள் வேறு மூலப்பொருளைத் தேடின. அது நம் சமையலறைக்குப் பக்கத்திலேயே இருந்தது!

சோயா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது ஒதுங்கும் கழிவில் 'ஸ்டீரால்' என்ற பொருள் இருக்கிறது. நம் உடம்பில் கொலஸ்ட்ரால் மாதிரி, செடிகளுக்கு இது. ஸ்டீராய்டுக்கு வேண்டிய நான்கு வளையங்கள் இதற்குள் தயாராகவே இருக்கின்றன. பின்னால் ஒரு நீண்ட வால். அதை மட்டும் நறுக்க வேண்டும். வளையம் உடையாமல் வாலை வெட்டுவது வேதியியலுக்குப் பெரிய தலைவலி.

அதைச் செய்தது ஒரு பாக்டீரியா. பெயர், மைகோபாக்டீரியம். மண்ணில் வாழும் சாது. ஆனால், காசநோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவு! ஸ்டீரால்தான் இதற்குச் சாப்பாடு. சிக்கல் என்னவென்றால், வாலோடு வளையங்களையும் சேர்த்தே தின்று தீர்த்துவிடும். வளையத்தை உடைக்கும் நொதி வேலை செய்யாத ரகங்களை விஞ்ஞானிகள் தேடிப் பிடித்தார்கள். 1970-களின் தொடக்கத்திலேயே அவை கைக்கு வந்துவிட்டன. வாலைத் தின்றதும் சாப்பாடு நின்றுவிடும். 29 கார்பன் கொண்ட ஸ்டீரால், 19 கார்பன் கொண்ட 'ஆண்ட்ரோஸ்டீன்டையோன்' ஆகி மிஞ்சும். அதிலிருந்து பலவகை ஸ்டீராய்டு மருந்துகளைத் தயாரிக்கலாம்.

ஸ்டீராய்டு மருந்துகளில் ஒன்றுதான் டெக்சாமெத்தசோன். 2020-ல், வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் மரணத்தை அது மூன்றில் ஒரு பங்கு குறைப்பதாக பிரிட்டன் ஆய்வு சொன்னது நினைவிருக்கலாம். விலை மலிவு என்பதால்தான் ஏழை நாடுகளின் ஆஸ்பத்திரிகளிலும் அதை உடனே கொடுக்க முடிந்தது.

ஒன்றை மறக்க வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று டாக்டரைக் கேட்காமல் ஸ்டீராய்டு எடுப்பதும் ஆபத்து; எடுத்துக்கொண்டிருப்பதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

காசநோய் மூளை உறையைத் தாக்கினால், காசநோய் மருந்துகளோடு சேர்த்து டாக்டர்கள் கொடுப்பதும் இதே டெக்சாமெத்தசோனைத்தான். ஒரு சொந்தக்காரர் உயிருக்கு உலைவைக்க, இன்னொரு சொந்தக்காரர் மருந்துக்கு வழிசெய்கிறார்!