செவிடன் காதில் ஊதிய சங்கு



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு ஆராதனையில், வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்திற்கு வருவோர் குறைந்துவிட்டதைக் குறித்துச் சற்று மனத்தாங்கலோடு பேசினேன். "எத்தனை முறை சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்காகவே இருக்கிறது" என்றேன். சபையில் சிலர் சிரித்தார்கள். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஒரு முதியவரும், மற்றவர்கள் சிரிப்பதைக் கண்டு, தாமும் புன்னகைத்தார்.

அடுத்த ஞாயிறு அவருடைய இடம் வெறுமையாயிருந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. அவரைத் தேடிக் கடற்கரையோரம் இருந்த அவர் வீட்டிற்குச் சென்றேன். வாசலில் அவர் மனைவி சொன்னார்: "அன்னைக்கு எல்லாரும் எதுக்குச் சிரிச்சாங்கன்னு கேட்டாருய்யா. நான் சொல்லிட்டேன்." அதற்கு மேல் அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பெரியவர் சிறு வயது முதல் மன்னார் வளைகுடாவில் சங்கு குளித்தவர். நம் கரையில் பிறந்தவர்களுக்கு அத்தொழிலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஆனால் வெளியூர்களிலிருந்து வாசிப்போருக்காகச் சொல்லுகிறேன். மூச்சை அடக்கிக் கடலடிக்குச் சென்று, மணலில் பாதி புதைந்து கிடக்கும் சங்கைக் கையால் எடுத்து வர வேண்டும். பத்து மீட்டர் ஆழத்தில் உடலின் மேலுள்ள அழுத்தம் கரையில் உள்ளதைப் போல் இரு மடங்காகிறது. அதை முதலில் உணருவது செவிப்பறை. ஒரு நாளில் பலமுறையும், ஆண்டுக்கணக்காகவும் மூழ்கி எழுகிறவர்களில் சிலருக்குச் செவிப்பறை கிழிகிறது, சீழ் வடிகிறது, கேட்கும் திறன் சிறிது சிறிதாகக் குறைகிறது. இப்படி எடுக்கப்பட்ட சங்குகளே வங்காளத்திற்குச் சென்று அங்குள்ள பெண்களின் கைவளைகளாகின்றன. முனை வெட்டப்பட்டு ஊதப்படும் சங்குகளும் இவையே.

ஆக, அந்த மனிதர் தம் செவிகளை விலையாகக் கொடுத்து எடுத்தவை அந்தச் சங்குகள். அந்தச் சங்கைச் சொல்லியே நான் சபையைச் சிரிக்க வைத்திருந்தேன்.

அவர் காதருகே குனிந்து, உரத்த குரலில் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கோபமெல்லாம் இல்லைய்யா. வந்து என்ன செய்யன்னுதான் இருந்துட்டேன். முந்தி இருந்த ஐயா எங்க முகத்தைப் பார்த்துப் பேசுவாரு. வாயசைவுல பாதி புரியும். நீங்க தாளைப் பார்த்தே பேசுறீங்க."

நான்கு ஆண்டுகள் அவர் அந்தக் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். நான்கு ஆண்டுகள் நான் தாளைப் பார்த்தே பேசியிருக்கிறேன். இறையியல் கல்லூரியில் கற்ற எத்தனையோ காரியங்களை அந்தத் தாள்களில் எழுதியிருந்தேன். கேட்பவருடைய முகத்தைப் பார்க்க மட்டும் மறந்திருந்தேன்.

அதே வாரத்தில், சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் சபைத் தம்பி ஒருவர் விடுமுறையில் வந்திருந்தார். நடந்ததை அவரிடம் சொன்னேன். தம்முடன் வேலை செய்யும் சீனர்களிடமும் இதே பொருளில் ஒரு சொல்வழக்கு உண்டு என்றார்: "மாட்டின் முன் யாழ் மீட்டுதல்." சீன மொழியில் அது நான்கே எழுத்து. நம்முடைய "எருமை மாட்டின் மேல் மழை பெய்தாற்போல" என்பது உடனே என் நினைவுக்கு வந்தது. நம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1980-களில் நடந்த அகழாய்வில் பழைய சீனப் பீங்கான் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே நம் கரையோடு வாணிகம் செய்த அம்மக்கள், சலிப்படையும் விதத்திலும் நம்மைப் போலவே இருந்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

ஆனால் அச்சொல்வழக்கின் பின்னுள்ள கதையைத் தேடிப் படித்தபோது என் எண்ணம் மாறியது. பௌத்த நெறியைச் சீன அறிஞர்களுக்கு விளக்க எழுதப்பட்ட ஒரு பழைய நூலில் அக்கதை வருகிறது. கோங்மிங் யி என்னும் இசைவாணர் ஒரு பசுவின் முன் அமர்ந்து, 'ச்சின்' என்னும் தந்திக் கருவியில் உயர்ந்த பண் ஒன்றை மீட்டினார். பசு தலை நிமிராமல் புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. அதன் செவியில் குறையில்லை. அந்த இசைதான் அதற்கு ஏற்றதாக இல்லை. பின்பு அவர் கொசுக்களின் ரீங்காரத்தையும், தாயைப் பிரிந்த கன்றின் குரலையும் அதே தந்திகளில் எழுப்பினார். உடனே பசு வாலை அசைத்தது, காதுகளை நிமிர்த்தியது, இங்குமங்கும் நடந்தவாறே கேட்டது. நீர் ஏன் பௌத்த நூல்களை விட்டுச் சீன நூல்களையே மேற்கோள் காட்டுகிறீர் என்று கேட்டவர்களுக்கு விடையாகவே அந்நூலாசிரியர் இக்கதையைச் சொல்லுகிறார். கேட்பவர் அறிந்ததைக்கொண்டு பேச வேண்டும் என்பதே அதன் பொருள்.

காலப்போக்கில் உலகம் கதையின் முதற்பாதியை மட்டும் வைத்துக்கொண்டது. பசுவின் மேல் பழியைப் போட்டு, கன்றின் குரலை மறந்துவிட்டது. நம் பழமொழிகளும் அப்படித்தான் வழங்குகின்றன. செவிடனைச் சொல்லுகிறோம், எருமையைச் சொல்லுகிறோம், கற்பூர வாசனை அறியாத கழுதையைச் சொல்லுகிறோம். ஊதியவரையோ மீட்டியவரையோ ஒருவரும் ஒன்றும் சொல்லுவதில்லை.

மாற்கு ஏழாம் அதிகாரத்தில், தெக்கப்போலி நாட்டில், காது கேளாத ஒருவனை நம் ஆண்டவரிடம் கொண்டுவந்தார்கள். அவர் உடனே பேசவில்லை. அவனைக் கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துப் போனார். தம் விரல்களை அவன் காதுகளில் வைத்தார், அவன் நாவைத் தொட்டார், வானத்தை அண்ணாந்து பார்த்தார், பெருமூச்சு விட்டார். அதன் பிறகே "எப்பத்தா" என்னும் சொல் வந்தது. எத்தனையோ முறை பிரசங்கித்த பகுதி இது. அதிசயத்தைப் பற்றியே பேசியிருக்கிறேன். ஒரு காது கேளாதவன் கண்ணால் கண்டும் உடலால் உணர்ந்தும் விளங்கிக்கொள்ளும் விதமாக ஆண்டவர் முதலில் அவனோடு பேசினார் என்பதை இப்போதுதான் கவனித்தேன்.

அதன்பின் சில சிறிய மாற்றங்கள் செய்தோம். அந்தப் பெரியவருக்கு முன்வரிசையில் இடம் ஒதுக்கினோம். அன்றைய வேதபகுதியையும் மூன்று குறிப்புகளையும் கரும்பலகையில் எழுதி வைக்கிறோம். நான் தலையை நிமிர்த்தி நிதானமாகப் பேசப் பழகி வருகிறேன். ஐம்பது வயதைக் கடந்தவனுக்கு இது எளிதாக வரவில்லை. மூன்றாம் வாரம் அவர் வாசலில் நின்று, அன்று நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொன்னார். ஓரிடத்தில் தவறாகச் சொன்னார். அவர் மனைவி திருத்தினார். மூவரும் சிரித்தோம். இந்தச் சிரிப்பின் காரணம் அவருக்கும் தெரிந்திருந்தது.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் "எத்தனை தடவை சொல்லுவது?" என்று நீங்கள் சலித்துப்போன ஒருவர் இருக்கலாம். கைபேசியை விட்டுத் தலை நிமிராத மகனாக இருக்கலாம். குடியை விடாத கணவராக இருக்கலாம். எதைச் சொன்னாலும் வாய் திறவாத மருமகளாக இருக்கலாம். அவர்கள் பக்கம் தவறே இல்லை என்று நான் சொல்லவில்லை. மனதார அடைத்துக்கொண்ட செவிகளும் உண்டு. ஆனால் அப்படித் தீர்மானிக்கும் முன், நாம் கன்றின் குரலில் ஒருமுறையாவது பேசினோமா? அவர்கள் எதை இழந்து அப்படி ஆனார்கள் என்று கேட்டோமா? அவர்கள் முகத்தைப் பார்த்தோமா?

இந்த வாரம் ஒருவரிடமாவது, சொல்ல வேண்டியதைச் சற்று நிறுத்திவிட்டு, அருகே சென்று அமருங்கள். கேளாதவனைத் தனியே அழைத்துச் சென்ற ஆண்டவர் உங்களோடும் அமருவாராக. ஆமென்.