மணல் போன ஆறு

ஆத்தஸ் என்று ஒரு பாலை உலகம். அமெரிக்காவின் டி.எஸ்.ஆர். நிறுவனம் 1991இல் 'டார்க் சன்' என்ற பெயரில், 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறவர்களுக்காக உருவாக்கிய கற்பனை நிலம். கடல் கிடக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் புழுதி கிடக்கும். உலோகம் அரிது என்பதால் காசுகூடச் சுட்ட மண்ணில்தான். என் தங்கை மகன் அதன் வரைபடத்தைத் தரையில் விரித்து விளக்கிக்கொண்டிருந்தபோது, மழை பொய்த்துத்தான் இப்படி ஆயிற்றா என்று கேட்டேன். "இல்ல மாமா. செடிகொடியோட உயிரை உறிஞ்சித்தான் அங்க மந்திரம் போடுவா. போட்ட இடம் சாம்பலாயிடும். அப்படியே உலகம் பூரா போயிடுத்து."

அவனுக்குச் சிலப்பதிகாரத்தைச் சொன்னேன். முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் கொடுமையால் தன்மை கெட்டுப்போனால் அதைத்தான் பாலை என்கிறோம், அதற்கென்று தனியாக நிலம் இல்லை என்பது அந்தச் சேர நாட்டுக் காவியத்தின் கணக்கு. அங்கே கெடுப்பது வெயில். ஆத்தஸில் கெடுப்பது மனிதக் கை. எங்கள் திருவனந்தபுரத்துக் கரமனையாற்றைக் கெடுத்ததும் கைதான். இரண்டு பருவமழை பெய்யும் ஊரில், மணல் சேர்ந்து அல்ல, மணல் போய் ஒரு பாலை உண்டாகியிருக்கிறது.

அகத்தியர் மலையின் செம்முஞ்சி மொட்டைப் பக்கம் பிறந்து அறுபத்தெட்டு கிலோமீட்டர் ஓடுகிற ஆறு இது. மலைக்காட்டில் அதற்கு ஒரு குறையும் இல்லை. முதல் தடை பேப்பாறை அணை, 1983இல் கட்டியது. அணை தண்ணீரை மட்டும் பிடித்து வைப்பதில்லை. மலையிலிருந்து உருண்டு வரும் மணலும் அங்கேயே தங்கிவிடுகிறது. கீழே ஒரு கூடை மணலை எடுத்தால் அந்தக் குழியை நிரப்ப மேலேயிருந்து பழையபடி மணல் வராது. மணல் வார அனுமதிச் சீட்டு எழுதியவர்கள் யாரும் இதைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

அருவிக்கரையில் இன்னொரு அணை. 1933 முதல் திருவனந்தபுரம் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான். பகவதி கோயில் படியில் நின்று பொரி போட்டால் மீன்கள் கைக்கெட்டும் தூரத்தில் முண்டும். நகரத்துக்கு வேண்டியது போக மிச்சமே ஆறாகக் கீழே இறங்குகிறது. குண்டமண்கடவு தாண்டினால் எங்கள் ஊர்.

கரமனை அக்ரஹாரத்துக்குத் தமிழில் பேச்சு, மலையாளத்தில் கடைக்கணக்கு. நீலகண்ட சிவன் தமிழில் கீர்த்தனை பாடி வாழ்ந்த ஊர். எங்களுக்கு ஆறு என்றால் படித்துறை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் காலடியில் மணல் நெருநெருவென்று இருக்கும், சற்று நேரத்தில் விரலிடுக்கில் சிறு மீன் வந்து கொத்தும்.

நவராத்திரிக்கு முன்பு அம்மா என்னை ஒரு தூக்குவாளியோடு ஆற்றுக்கு அனுப்புவாள். நிலவிளக்கு தேய்க்கப் புளியோடு ஆற்றுமணல்தான் வேண்டும். பொடியாகவும் இருக்கக் கூடாது, கல்லாகவும் இருக்கக் கூடாது. நான் வாரி வந்ததை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்து, பாதியைத் திருப்பிக் கொட்டச் சொல்வாள். அந்த விளக்குகள் வாசலுக்கு வரும் மாலைதான் எங்களுக்குப் பண்டிகை. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி, வேளிமலையிலிருந்து குமாரசுவாமி, சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை, மூவரும் குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, மூன்றாம் நாள் நவராத்திரி பூஜைக்குத் திருவனந்தபுரம் வரும் வழியில் கரமனைப் பாலத்தைக் கடப்பார்கள். அந்தச் சரஸ்வதி கம்பர் பூஜித்தவள் என்பார்கள். 1956இல் மாநில எல்லை மாறியபோது மூன்று கோயில்களும் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டன, ஆனாலும் தெய்வங்கள் வருவது நிற்கவில்லை. களியக்காவிளையில் ஒரு மாநிலத்துக் காவலர்கள் ஒப்படைக்க, மறு மாநிலத்துக் காவலர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

பாலத்தின் அக்கரையில் முதலில் கேட்பது செண்டை. பிறகு தீவட்டி வெளிச்சம் தண்ணீரில் தெரியும். யானைமேல் சரஸ்வதி. பல்லக்கில் நங்கை. கரமனையில் குமாரசுவாமி வெள்ளிக் குதிரை ஏறுவார், அதைப் பார்க்கத்தான் பிள்ளைகள் மதில்மேல் இடம் பிடிப்போம். வாசல்தோறும் தட்டத்தில் பூவும் பழமும் வைத்து, தேய்த்த விளக்கை ஏற்றியிருப்பார்கள். கோட்டைப் பக்கம் கூட்டம் நகர்ந்த பிறகும் தெருவில் கற்பூர வாசனை இருக்கும். தாத்தா அப்போது ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "யானை தண்ணி குடிச்சுதா?" பாலத்தடியில் யானையை இறக்கி, மணல் திட்டில் நிறுத்தித் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் பாகன் கிளம்புவான்.

அந்தத் திட்டு இன்று இல்லை.

போன விதத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கழுத்தளவுத் தண்ணீரில் ஆள் நிற்பான். மூச்சைப் பிடித்து மூழ்கி, கூடையோடு எழுவான். நீர் வடிந்ததும் வள்ளத்தில் கவிழ்ப்பான். வள்ளத்தின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல் இடைவெளி வரும்வரை இதே வேலை. அந்தத் தொழிலாளியை நான் குறை சொல்ல மாட்டேன். சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்த ஆ. மாதவன் மணல் வாரிப் பிழைத்தவர்களைப் பற்றித்தான் 'புனலும் மணலும்' எழுதினார். அந்தக் காலத்தில் ஆறு கொடுத்ததைக் கூடை எடுத்தது, மழைக்காலம் திருப்பிக் கொடுத்தது. கட்டடங்கள் பெருகி, ராத்திரியில் லாரி வரத் தொடங்கியதும் அந்தக் கணக்கு உடைந்தது. ஆற்றங்கரைப் பாதுகாப்புக்கும் மணல் கட்டுப்பாட்டுக்கும் கேரளம் சட்டம் போட்டது 2001இல். அதற்குள் எங்கள் படித்துறையின் கடைசிப் படி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மணல் ஆற்றின் தண்ணீர்ப் பத்தாயம். மழையில் ஊறியதைக் கோடையில் மெல்ல விடும், கரைக் கிணறுகளுக்கும் ஊட்டும். படுகை தாழ்ந்தால் கிணற்று நீரும் அதோடு தாழும், கரை சரியும், வேர் அறுந்த மரம் ஆற்றில் விழும். எங்கள் வீட்டுக் கிணற்றுக்கு ராட்டினக் கயிற்றை மாற்றி மாற்றி நீளமாக்கினோம், கடைசியில் குழாய்க்கு மாறினோம். குழாயில் வருவதும் இதே ஆறுதான், அருவிக்கரையிலிருந்து சுற்றி வருகிறது. இப்போது படித்துறையில் கால் வைத்தால் வழுக்குவது கறுப்புச் சேறு. விளக்குக்குக் கடையில் பொடி வாங்குகிறோம்.

கீழே பள்ளத்துக்கடவில் நகரத்துச் சாக்கடையைச் சுமந்துகொண்டு கிள்ளியாறு சேர்கிறது. திருவல்லம் பரசுராமர் கோயிலில் ஆடி அமாவாசைக்குப் பிதுர் பலி இடக் கூட்டம் நெரியும். எள்ளும் அரிசியும் விட்டுவிட்டு அந்தத் தண்ணீரிலேயே முங்குகிறவர்களைப் பார்த்தால் மனம் கொதிக்கிறது. பனத்துறையில் கடல். கோடையில் அலை கொண்டுவந்து போடும் மணல் பொழிமுகத்தை அடைத்துவிடும். அது திறந்திருக்கும்போதோ, உள்ளே படுகை பள்ளமாகிவிட்ட ஆற்றில் உப்புநீர் ஏறுவதற்குத் தடை குறைவு.

மணல் வார மறுபடி அனுமதிக்கலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. அனுமதிக்கும் முன் ஒவ்வொரு கடவிலும் படுகையின் ஆழத்தை அளந்து, அந்த வருஷ மழையில் எத்தனை கூடை புதிதாக வந்து படிந்தது என்று ஊர்ப் பலகையில் எழுதி வைக்கட்டும். வந்ததற்குமேல் ஒரு கூடையும் எடுக்கக் கூடாது. குண்டமண்கடவிலிருந்து பனத்துறை வரை அந்தப் பலகையில் இன்றைக்கு எழுத வேண்டிய எண் பூஜ்யம் என்றே நினைக்கிறேன். பேப்பாறையில் தேங்கிய மணலைக் கீழே இறக்க வழி கண்டுபிடிக்கும்வரை அது பூஜ்யமாகவே இருக்கும்.