வில்லியம் ஸ்டில் பெயரில் ஒரு மணி

பிலடெல்பியா
ஞாயிறு மாலை

அன்புள்ள அக்கா,

  

அப்பா நினைவாக நல்ல காரியத்துக்கு என்று நாம் ஒதுக்கி வைத்த பணத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். எங்கள் பகுதித் தேவாலயக் கோபுரத்தில் கரிலான் அமைக்கப்போகிறார்கள். குறைந்தது 23 வெண்கல மணிகளாவது இருந்தால்தான் அது கரிலான். மணிகள் ஆடாது, உள்ளே நாக்கு மட்டும்தான் அசையும். வாசிப்பவர் வரிசையாக இருக்கும் மரக்கட்டைகளை முஷ்டியால் தட்டி, பெரிய மணிகளுக்குக் காலால் மிதித்து, முழுப் பாட்டையே வாசித்துவிடுவார். அடிமை முறையை எதிர்த்து நின்ற ஒருவர் பெயர் ஒவ்வொரு மணியிலும் இருக்கும். ஒரு சின்ன மணியின் செலவை நாம் இருவரும் சேர்ந்து ஏற்கலாம்.

பிரெடரிக் டக்ளஸ், ஹாரியட் டப்மன் பெயர்களுக்கு ஆள் வந்துவிட்டார்கள். நான் வில்லியம் ஸ்டில் பெயரைக் கேட்டிருக்கிறேன். இந்த ஊர் அடிமை ஒழிப்புச் சங்கத்து அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த கறுப்பினத்தவர். தெற்கிலிருந்து தப்பி வருபவர்களுக்குத் தங்க இடம் பார்த்து, கனடா வரை வழியனுப்பியவர். 1850இல் பீட்டர் என்று ஒரு நடுத்தர வயதுக்காரர் பெற்றோரைத் தேடி அவரிடம் வந்தார். தாயின் பெயர், உடன்பிறந்த லெவினின் பெயர் என்று அவர் சொல்லச் சொல்ல ஸ்டிலுக்குப் புரிந்துவிட்டது: எதிரே உட்கார்ந்திருப்பது சொந்த அண்ணன்! அவர்கள் அம்மா தப்பி ஓடியபோது நான்கு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓட முடியாமல் இரண்டு மகன்களை விட்டுவிட்டு வந்திருந்தார். சுமார் 40 வருஷம் கழித்து பீட்டர் அந்த அம்மாவை உயிரோடு பார்த்தார். லெவின் அடிமையாகவே செத்துப்போனார்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் பழைய பெயர், புதுப் பெயர், யாரை விட்டு வந்தார்கள் என்று கேட்டு ஸ்டில் எழுதி வைத்தார். பிரிந்த குடும்பங்கள் பின்னால் ஒன்று சேர வேண்டுமே என்ற எண்ணம். அந்தக் காகிதங்கள் சிக்கினால் எத்தனையோ பேருக்கு ஆபத்து என்பதால் ஒளித்து வைத்திருந்தார். 1872இல் அவற்றைப் புத்தகமாகக் கொண்டுவந்தார்.

கறுப்பின மக்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் செய்வதென்றால் மணியாகச் செய்வதே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. தோட்டங்களில் விடியுமுன் அவர்களை எழுப்பி வேலைக்கு விரட்டியது மணிதான். இந்த ஊரில் விரிசல் விட்டு நிற்கும் மணியை 'லிபர்ட்டி பெல்' என்று அழைத்துப் பரப்பியவர்களும் 1830களின் அடிமை ஒழிப்பாளர்கள்தான்.

மணியில் அப்பா பெயரையும் பொறிக்கலாமே என்று நீ போனில் கேட்டாய். உபயம் என்று போட இடம் தருகிறார்கள்தான். ஆனாலும் அக்கா, அது ஸ்டிலின் மணியாகவே இருக்கட்டும். பிள்ளைகளை விற்ற ஒரு காலத்தில், ஒரு பெயரும் தொலைந்துவிடக் கூடாது என்று பாடுபட்டவர் அவர். அவர் பெயருக்குப் பக்கத்தில் பணம் கொடுத்தவர் பெயர் வேண்டாம். நன்கொடையாளர் ஏட்டில் அப்பா பெயரை எழுதச் சொல்கிறேன்.

எழுத்துகளை வார்ப்பு அச்சிலேயே வைத்துவிடுவார்கள், பிறகு மாற்ற முடியாது. அம்மாவிடமும் அத்தானிடமும் கலந்து பேசி சீக்கிரம் பதில் போடு. உனக்குச் சம்மதம் என்றால்தான் நான் பணம் கட்டுவேன்.

அன்புடன்,
உன் தம்பி