யாருடைய கூற்று?

தேனிப் பக்கம் விளம்பர வாசகம் எழுதுவது தனித்தொழில் அன்று. அச்சகத்துக்காரர், ஃபிளக்ஸ் அடிப்பவர், தமிழ் படித்தவர் ஆகியோரின் கைகளுக்குள் மாறி மாறி நடக்கும் வேலை அது. கல்லூரியில் தமிழ் நடத்துபவன் என்பதால் என்னிடமும் வந்து சேர்கிறது. போடி ஏலக்காய் வியாபாரி, சுருளிப்பட்டித் திராட்சை விவசாயி, காதணி விழா நடத்துபவர், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி கேட்பவர் என ஆளுக்கொரு குரல் வேண்டும்.

தொல்காப்பியர் செய்யுளுக்கு 34 உறுப்புகளை எண்ணுகிறார். அவற்றுள் கூற்று, கேட்போர், களன் மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. யார் சொல்வது, யார் கேட்பது, எவ்விடத்தில். அகப்பாட்டில் புலவன் தன் குரலில் பேசுவதில்லை. கபிலரின் தோழி கபிலர் அல்லள். ஏலக்காய்ப் பொட்டலத்தில் பேசுபவனும் நான் அல்லன்.

போடி வியாபாரிகளின் பேச்சில் மணம் என்ற சொல்லை நான் அதிகம் கேட்டதில்லை. எத்தனை மில்லிக் காய், லிட்டர் எடை என்ன, பச்சை எப்படி என்றுதான் பேசுவார்கள். விருதுநகர் மொத்தக் கடைக்காரருக்குப் போகும் தாளில் 'மலைமகளின் மரகதம்' என்று எழுதினால், சரக்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை போலும் என்றே அவர் எண்ணுவார். அதே காயை ஐம்பது கிராம் பொட்டலமாக விற்பவருக்கோ பாயசத்தைப் பற்றி எழுத வேண்டும். திராட்சைக்காரர்களிடம் இந்தச் சிக்கலே இல்லை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பெரிய எழுத்தில் போட்டால் போதும் என்பார்கள்.

அஞ்சலிச் சுவரொட்டிதான் கடினம். தந்தையை இழந்த ஒருவர் வந்தார். உவமைகளைத் தேடிக்கொண்டிருந்த என்னிடம், "எங்கப்பா பெரிய ஆளெல்லாம் இல்ல சார். வாய்க்கால்ல தண்ணி திருப்பிவிட்டவரு. ஆனா கடைசி வயலுக்கும் தண்ணி போச்சு" என்றார். அதையே அச்சுக்குக் கொடுத்தேன்.

இந்த வித்தையில் எங்கள் பகுதியின் பெரிய பெயர் பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன் (இளையராஜாவின் அண்ணன் என்றால் பலருக்கும் உடனே விளங்கும்). 1958இல் போடிமெட்டுக்கு அப்பால் தேவிகுளத்தில் நடந்த இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக, தோட்டத் தொழிலாளர்களிடையே பாடினார். அவர்களுக்குப் பழக்கமான சினிமா மெட்டுகளில் கட்சியின் சொற்களை ஏற்றிப் பாடுவது அவர் வழக்கம். மெட்டு கேட்போருடையது, சொல்லோ அவரே நம்பியது. என் போன்றவர்களுக்கு அந்த வசதி எப்போதும் வாய்ப்பதில்லை.

சென்ற ஆண்டு ஒரு பயிற்சி நிலையத்தார் வந்தார்கள். 'வேலை நூறு சதவீதம் உறுதி' என்பது தலைப்பாக வேண்டும். மற்றதை நானே உருக்கமாக, ஒரு தாய் மகளிடம் பேசுவதுபோல் எழுத வேண்டும். தாய்க் குரல் எனக்கு வரும். செவிலி கூற்றை ஆண்டுதோறும் நடத்துகிறேன். போன வருடம் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்டேன். "எல்லாரும் இப்படித்தானே சார் போடுறாங்க" என்றார்கள். ஏலக்காய் பற்றி மிகையாக எழுதினால் கடைக்காரர் காயைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொள்வார். இதைக் கேட்கப்போகிறவர்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் அள்ளிப் பார்க்க எதுவுமில்லை. எழுத முடியாது என்று சொல்லியனுப்பினேன்.

வேறு யாரோ எழுதினார்கள். நன்றாகவே எழுதியிருந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் அந்த ஃபிளக்ஸைப் பார்த்துவிட்டு, சேரலாமா என்று மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி வந்து கேட்டாள். போன வருடம் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்டுவிட்டு வரச் சொன்னேன்.